பாட்டுக்காரனுக்கும் பையன் தலைமுடிக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு தந்தை கேட்ட கேள்வி இது. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகன், கொரியப் பாட்டுக்குழு ஒன்றைப் பார்த்துவிட்டு முன்முடியைப் புருவம் வரை வளர்த்திருக்கிறான். பள்ளியில் வெட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் தினமும் சண்டை. "நடிகரைப் பார்த்து முடி வைத்தால்கூடப் புரிகிறது. பாட்டு காதால் கேட்பதுதானே, அதற்கும் தலைக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறார்.

நான் சலூன்காரர் மகன். பன்னிரண்டு வருடம் நானும் கத்தரி பிடித்தவன். யாரைப் பார்த்து யார் முடி வெட்டிக்கொள்கிறார்கள் என்பதை நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்ததோடு, பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் நடக்கும் இதே சண்டை, இதே முன்முடிக்காக, அறுபது வருடத்துக்கு முன்னால் உலகம் முழுக்க நடந்தது. அப்போது காரணமாக இருந்தவர்கள் பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்துப் பாட்டுக்குழு. அந்தக் கதையைப் பிடித்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

1960 ஆகஸ்டில் லிவர்பூலிலிருந்து ஐந்து இளைஞர்கள் ஜெர்மனியின் ஹம்பர்க் நகருக்குப் போனார்கள். துறைமுகப் பகுதியில் இருக்கும் இரவு விடுதிகளில் மணிக்கணக்காக வாசிக்க வேண்டும், அதுதான் வேலை. பீட்டில்ஸ் என்ற பெயர் வந்துவிட்டது. நமக்குத் தெரிந்த அந்தத் தலை இன்னும் வரவில்லை. அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பதால் கிரீமைத் தடவி, முன்முடியைக் கொத்தாகத் தூக்கிப் பின்னால் வாரியிருந்தார்கள். அன்றைய தேதிக்கு அதுதான் 'ரவுடித் தலை'.

ஹம்பர்க்கில் அவர்களைக் கேட்க வந்தவர்களில் ஓவியம், புகைப்படம், ஆடை வடிவமைப்பு என்று படித்துக்கொண்டிருந்த ஒரு சின்னக் கூட்டம் இருந்தது. ஆஸ்ட்ரிட் கிர்ச்ஹெர், கிளாவுஸ் ஃபோர்மன், யூர்கன் ஃபோல்மர் ஆகிய மூவரும் அதில் முக்கியமானவர்கள். பாரிஸ் மாணவர்களைப் பார்த்துக் கறுப்பு உடை போடுவார்கள். கிரீம் தடவாமல் முடியை உலர்ந்தபடி விட்டு முன்னால் சீவிக்கொள்வார்கள். குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப்பை ஆஸ்ட்ரிட் காதலித்தார். அவர் முடியை ஆஸ்ட்ரிட்டே வெட்டி முன்னால் இறக்கிவிட்டார். மற்றவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ஜார்ஜ் ஹாரிசன் அதே மாதிரி செய்துகொண்டார். 1961 அக்டோபரில் ஜான் லெனனுக்கு 21 வயது நிறைந்தபோது, பரிசாகக் கிடைத்த பணத்தை எடுத்துக்கொண்டு அவரும் பால் மெக்கார்ட்னியும் பாரிஸ் கிளம்பினார்கள். அப்போது ஃபோல்மர் அங்கே இருந்தார். இரண்டு பேர் முடியையும் வெட்டிவிட்டவர் அவர்தான். 1962-ல் டிரம் வாசிக்கச் சேர்ந்த ரிங்கோ ஸ்டாருக்கும் அந்தத் தலைதான் என்று ஆகிவிட்டது.

அந்த ஸ்டைலைக் கண்டுபிடித்தவர் என்று தன்னைப் பாராட்டியபோதெல்லாம் ஆஸ்ட்ரிட் மறுத்தே வந்தார். ஜெர்மனியில் எத்தனையோ பையன்கள் அப்படித்தான் வைத்திருந்தார்கள் என்பார். எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவதே இதுதான். பாட்டுக்காரர்கள் பெரும்பாலும் எதையும் கண்டுபிடிப்பதில்லை. எங்கோ நாற்பது ஐம்பது பேர் வைத்திருக்கும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நாலு கோடிப் பேர் முன்னால் நிற்கிறார்கள். வேலை சுமப்பதுதான். ஆனால் அதைச் சுமக்க அவர்களைப் போல ஆள் கிடையாது.

சரி, எப்படிச் சுமந்தார்கள்? முதலில் கோட்டு. 1962 தொடக்கத்தில் பிரையன் எப்ஸ்டைன் அவர்களுக்கு மேலாளர் ஆனார். தோல் ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி, சட்கிளிஃப் விலகிய பிறகு மிச்சம் இருந்த நால்வருக்கும் ஒரே மாதிரி சூட் தைக்க வைத்தார். 1963-ல் வந்த காலர் இல்லாத சாம்பல் நிறக் கோட்டு, பிரெஞ்சு வடிவமைப்பாளர் பியர் கார்டினின் பாணி. தைத்தவர் லண்டன் தையல்காரர் டகி மில்லிங்ஸ். கூர்மூக்கும் குதியும் வைத்த அரைப் பூட்ஸ், நாடகக்காரர்களுக்குச் செருப்பு செய்து கொடுத்த அனெல்லோ அண்ட் டேவிடே கடையுடையது. பாடி முடித்ததும் நால்வரும் சேர்ந்து இடுப்பு வளைத்து வணக்கம் வேறு வைப்பார்கள். இவ்வளவு ஒழுங்கைப் பார்த்த பெரியவர்களுக்குத் தலை மட்டும்தான் உறுத்தியது. தோல் ஜாக்கெட்டோடு அந்தத் தலை வந்திருந்தால் வரவேற்பறைக்குள் விட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கோட்டுதான் முடிக்கு நுழைவுச்சீட்டு.

அடுத்தது தொலைக்காட்சி. 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்காவில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் அவர்கள் பாடியதைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர். கறுப்பு வெள்ளைப் படம், சின்னத் திரை. அதில் முக அம்சம் சரியாகத் தெரியாது. நாலு கறுப்புத் தொப்பி போல நாலு தலை நன்றாகத் தெரியும். பாட்டின் நடுவே "ஊ..." என்று குரலை ஏற்றும் இடத்தில் தலையைச் சிலுப்புவார்கள், முடி பறக்கும், பெண்பிள்ளைகள் அலறுவார்கள். பாட்டு காதால் கேட்பதுதானே என்று கேட்டீர்களே, அந்த இடத்தில் பாட்டும் முடியும் ஒன்றுதான். எந்த ஸ்வரத்தில் அலறல் எழுகிறதோ அதே ஸ்வரத்தில் முடி ஆடுகிறது. கிரீம் தடவிய தலை ஆடாது. பார்த்த பையன் கிட்டார் வாங்க முடியாவிட்டாலும் அந்தச் சிலுப்பலை அன்று ராத்திரியே கண்ணாடி முன்னால் செய்து பார்க்கலாம்.

அதற்கு இரண்டு நாள் முன்பு நியூயார்க் விமான நிலையத்தில் நிருபர்கள் முடி வெட்டிக்கொள்வீர்களா என்று கேட்டார்கள். நேற்றுதான் வெட்டினேன் என்றார் ஜார்ஜ். என் தொழில் கண்ணோடு பார்த்தால் அது வெறும் நகைச்சுவை அல்ல. அந்தக் காலத்துப் படங்களை எடுத்துப் பாருங்கள். பிடரி ஒழுங்காக இறக்கப்பட்டிருக்கிறது, காதுமேல் முடி லேசாகத்தான் படுகிறது. இன்றைக்கு அப்படி ஒரு பையன் வந்தால் 'நல்ல பிள்ளை' என்போம். அன்றைய அமெரிக்காவில் ஆண் தலை என்றால் பட்டாளத்தில் வெட்டுவது போல ஒட்ட வெட்டிய தலை. அதோடு ஒப்பிட்டதால் இது சடையாகத் தெரிந்தது. ஆசை தாங்காதவர்களுக்காக ஒரு பொம்மைக் கம்பெனி பீட்டில்ஸ் விக் செய்து விற்றது.

இப்போது எங்கள் கடைப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். இதைப் புத்தகத்தில் அதிகம் பார்த்ததில்லை. காலர் இல்லாத கோட்டுக்குத் துணி வேண்டும், தையல் கூலி வேண்டும். பூட்ஸுக்கு இன்னும் காசு. பீட்டில்ஸ் முடிக்கு என்ன வேண்டும்? சலூனுக்குப் போகாமல் இருந்தால் போதும். செலவு பூஜ்யம், மிச்சம் லாபம். பாட்டுக்காரர்கள் பரப்பிய அலங்காரங்களில் முடி மட்டும் ஏழைப் பையனுக்கும் பணக்காரப் பையனுக்கும் ஒரே வேகத்தில் போய்ச் சேர்ந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. இன்னொன்று, சட்டையைப் பள்ளி வாசலில் மாற்றிக்கொள்ளலாம், முடியைக் கழற்றி வைக்க முடியாது. எல்லா நேரமும் எல்லார் கண்ணிலும் படும். அதனால்தான் சண்டை எப்போதும் முடியில் தொடங்குகிறது.

எங்கள் அப்பாவுக்கு எழுபதுகளின் 'ஹிப்பி முடி' மேல் தீராத கோபம். மாதம் ஒருமுறை வந்த பையன்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வந்தார்களாம். வந்தாலும், "அண்ணே, சும்மா நுனிய மட்டும் தட்டிவிடுங்க" என்பார்களாம். "நுனிக்கு எவ்வளவு கூலி கேக்கிறது?" என்பார் அப்பா. அமெரிக்காவிலும் இதே கதைதான். அறுபதுகளின் கடைசியிலிருந்து ஆண்களுக்கான முடிதிருத்தகங்கள் வரிசையாக மூடப்பட்டன, தாக்குப்பிடித்தவர்கள் நீள முடியை வெட்டவும் வடிவமைக்கவும் கற்றுக்கொண்டவர்கள். அப்பா கடைசி வரை கற்றுக்கொள்ளவில்லை.

முடியைப் பார்த்துப் பயந்தவர்கள் வீட்டுப் பெரியவர்கள் மட்டும் அல்ல. 1966-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் மூன்று மாணவர்களை முடி நீளம் என்று பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். மூவரும் ஒரு பாட்டுக்குழுவில் வாசிப்பவர்கள், முடி எங்கள் தொழிலுக்குத் தேவை என்று வழக்குப் போட்டார்கள். 1968-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளி பக்கமே தீர்ப்புச் சொன்னது. இந்தோனேசியாவில் அதிபர் சுகர்னோ அந்த இசையையே திட்டினார். கோஸ் பெர்சௌதாரா என்ற சகோதரர்கள் குழு பீட்டில்ஸ் பாணியில் வாசித்ததற்காக 1965-ல் சுமார் மூன்று மாதம் சிறையில் இருந்தது. சிங்கப்பூரில் எழுபதுகளில் அரசு அலுவலகங்களில் சுவரொட்டியே ஒட்டினார்கள்: நீள முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் வேலை முடித்துக் கொடுக்கப்படும். எது நீளம் என்பதற்குப் படமும் போட்டிருந்தார்கள். நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொடுவது, காதை மூடுவது, சட்டைக் காலருக்குக் கீழே இறங்குவது. 1972-ல் லெட் செப்பலின் குழு அங்கே பாட முடியாமல் போனதற்கும் முடிதான் காரணம்.

தடை போட்டவர்கள் ஒரு உதவி செய்தார்கள் என்பது என் கணிப்பு. சும்மா விட்டிருந்தால் அது ஒரு வருட மோஸ்தர். 'கூடாது' என்றதும் அந்த முடிக்கு அர்த்தம் வந்துவிட்டது. வளர்ப்பவன் ஒரு கட்சியில் சேர்ந்தவன் மாதிரி ஆகிவிட்டான்.

நம் பக்கத்துக் கோபத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. எண்ணெய். நம் அம்மாக்களுக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைதான் தலை. எண்ணெய் காணாத தலை என்றால் துக்க வீடு, இல்லாவிட்டால் கவனிக்க ஆளில்லாத பிள்ளை. 'பரட்டைத் தலை' என்பது நம்மிடம் வெறும் வர்ணனை இல்லை, வசவு. பீட்டில்ஸ் வழி வந்த முடி முழுக்க உலர்ந்த முடி. நீளம் பாதி, எண்ணெய் இல்லாதது பாதி என்று சேர்ந்துதான் இங்கே எரிச்சல் வந்தது. வேடிக்கை என்னவென்றால், 1968 பிப்ரவரியில் அதே பீட்டில்ஸ் தியானம் கற்க ரிஷிகேஷுக்கு வந்து, குர்தா போட்டு, மாலை போட்டு உட்கார்ந்தார்கள். அந்தக் கோலம் மேற்கு நாட்டு இளைஞர்களிடையே இன்னும் வேகமாகப் பரவியது. நம்மூர் ஜிப்பாவும் மணிமாலையும் 'ஹிப்பி' என்ற பெயரோடு நமக்கே திரும்பி வந்தன. தாத்தா போட்ட ஜிப்பாவைப் பேரன் போட்டதற்குத் திட்டிய வீடுகள் உண்டு.

நடிகர் என்றால் புரிகிறது என்று நீங்கள் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. நம் சினிமாவில் பாடுபவர் திரைக்குப் பின்னால், வாயசைப்பவர் திரையில். டி.எம்.சௌந்தரராஜன் பாட்டுக்குக் கிறங்கியவன், அதைத் திரையில் பாடிய நடிகரின் தலையைத்தான் வைத்துக்கொண்டான். எங்கள் கடைச் சுவரில் ஒட்டியிருந்த படங்கள் அத்தனையும் நடிகர்கள், பாடகர் ஒருவர்கூட இல்லை. பாடுபவரும் தெரிபவரும் ஒருவரே என்பது மேற்கில் சாதாரணம். நமக்கு அது மேடைப் பாட்டு, தனிப்பாடல், பாட்டு வீடியோ எல்லாம் பெருகிய பிறகுதான் பழகியது. எண்பதுகளில் பையன்கள் பிடரியில் முடியை இறக்கிவிட்டு 'பங்க்' வைத்தபோதுகூட, அது எந்த இசையிலிருந்து கிளம்பியது என்று வைத்தவனுக்கும் தெரியாது, வெட்டிய எனக்கும் தெரியாது. தெரிந்த நடிகர் வைத்திருந்தார், வைத்தோம்.

முடியிலிருந்து உடைக்கு வந்தால் கதை கொஞ்சம் மாறுகிறது, ஏனென்றால் அங்கே விற்பவன் நுழைந்துவிடுகிறான். நல்ல உதாரணம் ரன் டிஎம்சி என்ற ராப் பாட்டுக்குழு. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஹாலிஸ் என்ற இடத்துப் பையன்கள். மேடைக்கென்று தனி உடை தைத்துக்கொள்ளாமல், தெருவில் போடுவதையே போட்டுக்கொண்டு ஏறினார்கள்: தொப்பி, டிராக் சூட், கயிறு கட்டாத அடிடாஸ் ஷூ. 1986-ல் அந்த ஷூவைப் பற்றியே ஒரு பாட்டு. அந்த வருடம் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் கச்சேரி நடந்தபோது, அடிடாஸ் போட்டவர்கள் கழற்றித் தூக்கிக் காட்டுங்கள் என்றார்கள். ஆயிரக்கணக்கான ஷூக்கள் உயர்ந்தன. கூட்டத்தில் அடிடாஸ் ஆள் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வந்த ஒப்பந்தம் பத்து லட்சம் டாலருக்கு மேல் என்று சொல்வார்கள். இசைக்காரனுக்கு ஷூ கம்பெனி காசு கொடுப்பது இன்று சாதாரணம், வழி போட்டது அந்த இரவு.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் அமெரிக்கப் பாடகி மெடோனாவைச் சொல்லாமல் விட முடியாது. கை நிறைய ரப்பர் வளையல், வலைத்துணிக் கையுறை, தலையில் முடிச்சுப் போட்ட துணிப்பட்டை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சில்லறைச் சாமான், கைச்செலவுக் காசுக்குள் அடங்கும். 1985-ல் நியூயார்க்கின் மேசிஸ் கடை அவர் பாணி உடைகளுக்கென்றே ஒரு பகுதி திறந்தது. தலை முதல் கால் வரை மாற வேண்டியதில்லை, ஒரு வளையலில் தொடங்கலாம். பரவுவதற்கு அது போதும்.

எனக்கு மனத்தாங்கல் உள்ள ஒரு உதாரணமும் இருக்கிறது. ஜமைக்கா பாடகர் பாப் மார்லியின் சடை. அங்கே ராஸ்தாஃபாரி என்ற சமயத்தைப் பின்பற்றும் மக்களுக்கு அது அலங்காரம் இல்லை. தலையில் கத்தி படக்கூடாது என்று பைபிளில் வரும் நேர்த்தி. பழனிக்கோ திருப்பதிக்கோ வேண்டிக்கொண்டு பிள்ளைக்கு முடி வளர்க்கிறோமே, அந்த மாதிரி, ஆனால் வாழ்நாள் முழுக்க. அந்தச் சடைக்காகப் போலீஸ் அவர்களைப் பிடித்து மழித்த காலமும் உண்டு. மார்லி அந்தத் தலையோடு உலகம் சுற்றினார். இன்று அதே சடையைக் கடையில் சில மணி நேரத்தில் பின்னிவிடுகிறார்கள். நானும் ஒரு கல்லூரிப் பையனுக்குப் பின்னியிருக்கிறேன். மூன்று வாரம் கழித்து வேலைக்கு நேர்காணல் என்று மொட்டை போட வந்தான். சுமந்து வருபவன் பொருளைக் கொண்டு வருவான், அதன் அர்த்தத்தையும் சேர்த்துக் கொண்டு வர அவனால் முடியாது.

கடைசியாக உங்கள் மகனின் கொரியாக்காரர்கள். 1992-ல் சோ தேஜி அண்ட் பாய்ஸ் என்ற மூவர் குழு வந்தபோதே அங்கே பையன்கள் உடையையும் தலையையும் அவர்களைப் பார்த்து மாற்றத் தொடங்கிவிட்டார்கள். 2013-ல் அறிமுகமான பிடிஎஸ் என்ற எழுவர் குழுவின் காலத்துக்குள் அது முழுத் தொழிலாகிவிட்டது. ஹம்பர்க்கில் ஒரு காதலி வெட்டிவிட்டது மாதிரி எதுவும் தற்செயலாக நடப்பதில்லை. கம்பெனி இருக்கிறது, சிகையலங்காரக்காரர் குழு இருக்கிறது, ஒவ்வொரு புது ஆல்பத்துக்கும் தலை நிறம் மாறும். பீட்டில்ஸ் நால்வருக்கும் ஒரே தலை, நாலு பேரும் ஒரே முத்திரை. இங்கே ஏழு பேர் என்றால் ஏழு நிறம், ஆடும்போது யார் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டுமே. ஆனால் நிறத்தை விட்டுவிட்டு வெட்டை மட்டும் பார்த்தால், நெற்றியில் இறங்கிய உலர்ந்த முடிதான். ஜார்ஜ் ஹாரிசன் தலைக்கும் உங்கள் பையன் ஆசைப்படும் தலைக்கும் நெற்றிப் பக்கத்தில் வித்தியாசம் குறைவு. மாறியது பக்கவாட்டில்தான்.

அந்தப் பக்கவாட்டில்தான் உங்கள் சண்டைக்கு வழியும் இருக்கிறது. கொரியப் பையன்கள் அதிகம் வைப்பதை 'டூ பிளாக்' என்பார்கள். காதைச் சுற்றியும் பிடரியிலும் மிஷின் போட்டு ஒட்ட எடுத்துவிடுவார்கள், மேலே இருக்கும் முடி மட்டும் நீளமாக அதன்மேல் விழும். உங்கள் ஊர்க் கடையில் படத்தைக் காட்டிக் கேளுங்கள், இப்போது எல்லாருக்கும் தெரியும். பக்கத்துக்கு மிஷினில் மாட்டும் மூன்றாம் நம்பர் கார்டு போடச் சொல்லுங்கள், ஒன்றாம் நம்பர் போட்டால் தொப்பி வைத்த மாதிரி ஆகிவிடும். முன்முடியைப் புருவத்துக்கு ஒரு விரல்கடை மேலே நிறுத்தச் சொல்லுங்கள். பள்ளிக்குப் போகும்போது தண்ணீர் தொட்டுப் பக்கவாட்டில் வாரினால் காது, பிடரி, நெற்றி மூன்றும் சுத்தமாகத் தெரியும், பி.டி. வாத்தியார் பார்ப்பது அந்த மூன்றைத்தான். சாயங்காலம் வந்து துவட்டி முன்னால் இறக்கிக்கொள்ளட்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பக்கத்தை எடுக்க வேண்டியிருக்கும், அந்தச் செலவை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்பா இருந்திருந்தால் இந்த ஸ்டைலுக்கு நிச்சயம் ஓட்டுப் போட்டிருப்பார்.